அந்த அத்தையின் பெயரைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் அம்மன், அருள்வாக்கு, பெண் அடியார்கள் பற்றிய கேள்விகளே அதிகம். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*கேள்வி: அப்பரைத் தடுத்தாட்கொள்ளக் காரணமாக இருந்தவரே அவருடைய அக்கா திலகவதியார்தான். ஆனால் அறுபத்துமூவரில் அவர் இல்லையே, ஏன்?*
– வாசகி, பண்ருட்டி

சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகைதான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. அதில் பெயர் சொல்லி வணங்கப்பட்டவர்களோடு சுந்தரரையும், அவருடைய பெற்றோர் சடையனார், இசைஞானியாரையும் சேர்த்துத்தான் 63. பெண்கள் மூன்று பேர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியாரைச் சுந்தரர் அந்தப் பதிகத்தில் சொல்லவில்லை. அதனால் அவர் கணக்கில் வரவில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரும் கணக்கை மாற்றவில்லை. ஆனால் அப்பர் புராணத்துக்குள்ளே அக்காவுக்கு அவர் கொடுத்திருக்கும் இடத்தைப் பாருங்கள், தனிப் புராணமே பாடியிருக்கலாமே என்று தோன்றும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாமூர்ப் பெண் அவர். அப்பா புகழனார், அம்மா மாதினியார். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார். இங்கே அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் கூடவே போனார். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையாரின் சாவுச் செய்தி வந்தது. தாலி கட்டாவிட்டாலும் பெரியவர்கள் என்னை அவருக்கென்று பேசிவிட்டார்களே, நானும் உயிரை விடுகிறேன் என்று கிளம்பினார் திலகவதியார். தம்பி காலில் விழுந்து அழுதான். நீயும் போனால் நான் உனக்கு முன்னால் போவேன் என்றான். அந்த இடத்தில் சேக்கிழார் பாடுகிறார்:

'தம்பியார் உளராக வேண்டுமென வைத்த தயா... உயிர்தாங்கி, அம்பொன் மணிநூல் தாங்காது அனைத்துயிர்க்கும் அருள்தாங்கி, இம்பர் மனைத்தவம் புரிந்து திலகவதியார் இருந்தார்.'

பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்த காலமெல்லாம் இந்தப் பாட்டைக் குரல் தடுமாறாமல் என்னால் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. மூன்று முறை 'தாங்கு' என்ற சொல் வருகிறது பாருங்கள். உயிரைத் தாங்கினார், தாலியைத் தாங்கவில்லை, எல்லா உயிர்க்கும் அருளைத் தாங்கினார்.

அந்தத் தம்பிதான் பிறகு சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுரத்தில், அதாவது எங்கள் திருப்பாப்புலியூரில், தருமசேனர் என்று பெரும்பேர் வாங்கினார். அக்கா திருவதிகைக்கு வந்து, கெடிலக் கரை வீரட்டானத்தில் விடியுமுன் எழுந்து, கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூப்பறித்து, மாலை கட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்குச் சூலை நோய் வந்தது. குடலை முறுக்கும் வலியில் சமையல்காரனை அக்காவிடம் அனுப்பினார். திலகவதியார் போகவில்லை. அங்கே நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். உயிரையே யாருக்காக வைத்துக்கொண்டிருந்தாரோ, அந்தத் தம்பி துடிக்கும்போதும் அவர் தன் இடத்தை விட்டு நகரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பிதான் வந்தார். திருநீறு கொடுத்து, விடியலில் பெருக்கப்போகும்போது கூடவே கூட்டிப்போனார். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' அங்கே பிறந்தது.

இனி நானே யோசித்துச் சொல்லும் ஒன்று. பல காலம் கழித்துத் திருவாரூரில் அப்பர் தன் நெஞ்சுக்குச் சொல்கிறார்: 'நிலைபெறுமா றெண்ணுதியேல் நெஞ்சே நீ வா, நித்தலும் எம்பிரானுடைய கோயில் புக்கு, புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு, பூமாலை புனைந்தேத்தி...' பெருக்குவது, மெழுகுவது, பூக்கட்டுவது, அதுவும் விடியுமுன். அப்படியே அக்காவின் அன்றாட வேலை! கையில் உழவாரத்தோடு நிற்கும் அப்பரை எந்தச் சிவன் கோயிலில் பார்த்தாலும் எனக்கு அந்த அக்காவின் விளக்குமாறும் கண்ணில் தெரியும். திருவதிகையில் அவருக்குச் சந்நிதி இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அங்கே நின்று இந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

*கேள்வி: மாதவிலக்கு நாளில் அம்மனைக் கும்பிட்டால் குற்றமா? என் அம்மா மேல்மருவத்தூர் போகிறவர், தப்பில்லை என்கிறார். மாமியார் வீட்டில் விளக்கேற்றவே விடுவதில்லை.*
– வாசகி, வில்லியனூர்

குற்றமில்லை. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலில் பெண்கள் கருவறைக்குள்ளேயே போய் அபிஷேகம் செய்கிறார்கள். இந்த நாள், அந்த நாள் என்று பார்ப்பதில்லை. அதைக் கொண்டுவந்தவர் 2023 அக்டோபரில் மறைந்த பங்காரு அடிகளார். ஓர் ஆணை லட்சக்கணக்கான பெண்கள் 'அம்மா' என்று அழைத்து, செவ்வாடை கட்டிப் போனதை நம் காலத்தில் பார்த்தோம். அசாமில் காமாக்யா தேவிக்கே மாதவிலக்கு என்று ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் நடை சாத்தி, நான்காம் நாள் திறந்து கொண்டாடுகிறார்கள். அவளுக்கு வருவது உங்களுக்கு வந்தால் தீட்டு என்று நான் சொல்லமாட்டேன். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் அறையில் உட்கார்ந்து அபிராமி அந்தாதி சொல்லுங்கள், அதற்கு விளக்கு வேண்டாம்.

*கேள்வி: கட்டிய கணவனே மனைவி காலில் விழுந்து 'தெய்வம்' என்றான். காரைக்கால் அம்மையாருக்குக் கிடைத்ததைவிடப் பெரிய பெருமை ஒரு பெண்ணுக்கு உண்டா? என் மகள் இதை ஒத்துக்கொள்ள மறுக்கிறாள். நீங்கள் அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.*
– வாசகர், காரைக்கால்

ஐயா, நான் உங்கள் மகள் பக்கம்.

நீங்கள் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கும் ஊர்க்காரர், கதை தெரியாததல்ல. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழம் வீசுவதும், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பதும் நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. அந்த மாம்பழத்தின் பின்னால் ஒரு பெண் எப்படி நின்றாள் என்று யோசியுங்கள். கணவன் பரமதத்தன் இரண்டு பழம் கொடுத்தனுப்பினான். பசியோடு வந்த அடியாருக்குச் சோறு தயார், கறி ஆகவில்லை. ஒரு பழத்தைப் போட்டாள். மத்தியானம் கணவன் மற்றதைத் தின்று, இன்னொன்றும் கொண்டுவா என்றான். உள்ளே போய் ஈசனை நினைத்தாள், பழம் வந்தது. ருசி வேறாக இருக்கிறதே என்று கேட்டான். பொய் சொல்லத் தெரியாதவள், நடந்ததைச் சொன்னாள். அவன் நம்பவில்லை, இன்னொன்று வாங்கிக் காட்டு என்றான். அதுவும் வந்து மறைந்தது.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. உடனிருந்தும் ஒட்டாமல் இருந்தான், வியாபாரம் என்று கப்பல் ஏறினான், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று இவளுடைய பேரையே வைத்தான். உறவுக்காரர்கள் இவளைச் சிவிகையில் ஏற்றிக் கூட்டிப்போனால், புது மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுகிறான். 'மானுடம் இவர்தாம் அல்லர்' என்கிறான்.

பயந்து ஒதுங்கியதையும் கும்பிட்டதையும் அவன் ஒன்றாகச் செய்துவிட்டான். அவளோ அந்த நாள்வரை வீட்டைப் பார்த்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தவள். என்ன சொன்னாள்? தெய்வமாக்கிவிட்டாய், நன்றி என்றாளா? அவனோடு பேசவே இல்லை. ஈசனிடம் கேட்டாள்: 'இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து', உன் தாளைப் போற்றும் பேய்வடிவம் கொடு. அவன் கொடுத்த தெய்வப் பட்டத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு எது வேண்டுமோ அதைத் தானே கேட்டு வாங்கினாள். கயிலைக்குப் போனபோது ஈசன் 'அம்மையே' என்றான். வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடிக்கீழ் இருந்து பாட வேண்டும் என்றாள். சுந்தரரும் அவரை 'பேயார்க்கும் அடியேன்' என்று அவர் விரும்பிய கோலத்தைச் சொல்லித்தான் வணங்குகிறார். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

உங்கள் மகளிடம் இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நீங்கள் அவளோடு உட்கார்ந்து பெரியபுராணத்தில் இந்தப் பகுதியை ஒரு முறை படியுங்கள்.

*கேள்வி: நேபாளத்தில் சின்னப் பெண்ணைக் குமாரி என்று உயிருள்ள தெய்வமாக வைத்து வணங்குகிறார்களே, இது பக்தியா, குழந்தைக்குச் செய்யும் கொடுமையா?*
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

காட்மாண்டுவில் நேவார் இனத்துச் சாக்கியக் குடும்பங்களிலிருந்து, மூன்று நான்கு வயதில் குமாரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் பௌத்தர்கள், ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்தே அவளைத் தலேஜு தேவியாக வணங்குகிறார்கள். அரண்மனைச் சதுக்கத்தில் அவள் தங்கும் குமாரி வீடு 1757-இல் கட்டியது. இந்திர ஜாத்திரையில் தேரில் வருவாள். மன்னர் அவள் கையால் திலகம் வாங்குவார். முடியாட்சி போன பிறகு குடியரசுத் தலைவர் வாங்குகிறார். வெளியே வந்தால் பாதம் தரையில் படக்கூடாது. பூப்படையும் வரைதான் பதவி. பிறகு வீட்டுக்குத் திரும்பி மற்றப் பெண்களைப்போல வாழ வேண்டும்.

அங்குள்ளவர்களின் பக்தி பொய்யில்லை, அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் குழந்தைக்குக் குழந்தையின் உரிமை போகக்கூடாது. நேபாள உச்ச நீதிமன்றமே 2008-இல் குமாரியின் கல்வியும் உரிமையும் மறுக்கப்படக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. இப்போது குமாரி வீட்டுக்கே ஆசிரியர் வந்து பாடம் நடத்துகிறார். அது நல்ல மாற்றம்.

நம் பக்கத்து நவராத்திரிக் கன்யா பூஜையும் இதே வழிதான். தேவி பாகவதம் இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெயர் சொல்கிறது: குமாரி, திரிமூர்த்தி, கல்யாணி என்று தொடங்கி சுபத்ரா வரை. விவேகானந்தர் 1901-இல் பேலூர் மடத்துத் துர்கா பூஜையில் குமாரி பூஜை செய்தார். நம் வீட்டில் பூஜைக்குக் கூப்பிடும் குழந்தைக்குக் கால் அலம்பி, நலங்கு வைத்து, பாவாடைத் துணி கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். சாயந்தரம் அவள் தெருவில் பாண்டி ஆடுகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வீடு பெருக்க வரும் அம்மாவின் மகளையும் அந்தப் பலகையில் உட்காரவையுங்கள்.

*கேள்வி: என் மாமியாருக்கு ஆடி வெள்ளியில் அருள் வருகிறது. தெருவே வந்து குறி கேட்கிறது. என் கணவர், அது மனநோய், நீ காலில் விழாதே என்கிறார். என்ன செய்வது?*
– வாசகி, புதுப்பாளையம், கடலூர்

விழுங்கள். பம்பை, உடுக்கைச் சத்தத்தில் வந்து, கற்பூரம் காட்டித் திருநீறு போட்டதும் மலையேறிவிடுகிற அருள் வேறு. நாள்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், தனக்குள் பேசிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவது இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். பரிகாரம் என்று யாராவது பக்கத்தில் நின்று பணம் வாங்கினால் அதை நிறுத்துங்கள்.

மற்றபடி, அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். எங்கள் ஆயாவுக்குச் செடல் திருவிழாவில் அருள் வரும். மற்ற நாளில் தாத்தாவுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டாள். ஒரு வருஷம் மஞ்சள் தண்ணீர் சொட்டச்சொட்ட, வேப்பிலையை நரம்பு புடைக்கப் பிடித்துக்கொண்டு, தாத்தா முன்னால் வந்து நின்றாள். 'எம் பொண்ணு வெறுங்கையோட போயிருக்கா. அவ பங்கக் குடுடா!' என்றாள். ஊரே கேட்டது. தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். அந்த வருஷமே அரைக் காணி முந்திரிக் கொல்லை எங்கள் அத்தை பேருக்கு எழுதப்பட்டது. ஆயா வாயில் அம்மன் பேசினாள் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அம்மன் பேசினால் இதைத்தான் பேசுவாள். சாதாரண நாளில் ஆயா சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்கள் மாமியார் அருளில் திரும்பத்திரும்பச் சொல்வது எது என்று கவனித்து, சாதாரண நாளில் பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேளுங்கள்.

*கேள்வி: பூஜை அறையில் மாரியம்மன் படத்தோடு ஆசிரமத்து அன்னை படமும் வைத்திருக்கிறோம். மனிதரை, அதுவும் பிரான்சில் பிறந்தவரை, அம்மனோடு வைக்கலாமா என்கிறார் உறவினர்.*
– வாசகர், முத்தியால்பேட்டை

வைக்கலாம். மிர்ரா 1878-இல் பாரிஸில் பிறந்து, 1914 மார்ச் 29 அன்று புதுச்சேரியில் அரவிந்தரைப் பார்த்தார். 1920-இல் திரும்பி வந்தவர் 1973-இல் மறையும்வரை இங்கேயே இருந்தார். 1926 நவம்பரில் அரவிந்தர் ஆசிரமப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். அன்னையைப் பற்றி அரவிந்தர் எழுதி 1928-இல் வந்த சிறு நூலில் மகேசுவரி, மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி என்று நான்கு சக்திகளை விளக்குகிறார். அதைப் படித்துவிட்டு உறவினரிடம் பேசுங்கள். எனக்குப் பிடித்த அன்னை, பள்ளிக்கூடம் தொடங்கி, பிள்ளைகளை விளையாட வைத்து, நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் சொன்ன அன்னை. படத்துக்கு ஊதுபத்தி காட்டுவதோடு அவர் எழுதியதையும் படிக்கிறீர்களா என்பதே என் கேள்வி.

*கேள்வி: கல்யாணமாகி வந்த வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் பூவாடைக்காரி கும்பிடுகிறார்கள். கன்னியாகவே இறந்துபோன ஓர் அத்தையாம். எப்படி இறந்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். இறந்தவரைக் கும்பிடப் பயமாக இருக்கிறது. நான் கலந்துகொள்ளலாமா?*
– வாசகி, குறிஞ்சிப்பாடி

கலந்துகொள்ளுங்கள் அம்மா, பயப்பட ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் தெய்வம் இவள்தான். பெருங்கோயில் அம்மனுக்குப் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் வீட்டுத் தெய்வத்தை அழைப்பார்கள். ஆற்றிலோ குளத்திலோ கிணற்றிலோ குடத்தில் தண்ணீர் எடுத்து, பூச்சுற்றி, பம்பைக்காரர் வர்ணித்துப் பாட, வீட்டுக்குள் கொண்டுவந்து, புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். அந்தப் புடவையைப் பிறகு வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கொடுப்பார்கள். சுமங்கலியாகப் போனவளும் உண்டு, கன்னியாகப் போனவளும் உண்டு.

எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் இப்படி அழைத்தோம். கெடிலத்தில் குடம் நிரப்பியாயிற்று. பம்பைக்காரர் பாடிக்கொண்டே வந்தவர், பேர் சொல்லுங்க, பேர் சொன்னாத்தான் வருவா என்றார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. அடுப்படியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பேரைச் சொன்னார். கூடவே, 'அவளுக்கு மல்லி ஆகாது, கனகாம்பரம்தான் வைப்பா. எட்டாவது படிக்கணும்னு அழுதா, நிறுத்திட்டாங்க' என்றார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன், அது அந்த வீட்டுக்கு உரியது. ஆனால் அன்று கடைக்கு ஆள் அனுப்பிக் கனகாம்பரம் வாங்கிவரச் செய்தோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு வயதான பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். படையல் அன்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பூக்கட்டும்போது, முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அத்தை பேர் என்ன, என்ன பிடிக்கும், எதற்கு ஆசைப்பட்டார் என்று கேளுங்கள். எப்படி இறந்தார் என்பதைக் கடைசியில் கேளுங்கள், அல்லது அவர்களாகச் சொல்லும்வரை விடுங்கள். வருத்தமான கதையாக இருந்தால் அதைத் தெரிந்துகொண்டு கும்பிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை. பெயர் கிடைத்ததும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் சொல்ல ஆள் இருக்காது.

*கேள்வி: நான் பத்தாவது வரை படித்தவள். காரைக்கால் அம்மையார் பாடல்களைப் படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? புரியுமா?*
– வாசகி, நெல்லிக்குப்பம்

புரியும். பதினோராம் திருமுறையில் அவருடைய பாடல்கள் இருக்கின்றன: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் இரண்டு, திருவிரட்டை மணிமாலை, அற்புதத் திருவந்தாதி. பதிகம் என்ற வடிவத்தைத் தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னால் பாடியவர் என்பதால்தான் 'மூத்த' திருப்பதிகம். அவற்றில் சுடுகாடும் பேயும் வரும், சொல்லும் கொஞ்சம் கடினம். அவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அற்புதத் திருவந்தாதியில் தொடங்குங்கள், 101 வெண்பா. ஒரு நாளைக்கு ஒன்று போதும். அந்தாதி என்பதால் ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக வரும், மனப்பாடம் செய்வது சுலபம். இரண்டாவது பாட்டிலேயே உங்களைப் பிடித்துக்கொள்வார்:

'இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்
படரும் நெறிபணியா ரேனும் – சுடருருவில்
என்பறாக் கோலத் தெரியாடும் எம்மானார்க்கு
அன்பறா தென்நெஞ் சவர்க்கு.'

என் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், எனக்கு இரங்காவிட்டாலும், போகும் வழியைச் சொல்லாவிட்டாலும், என் நெஞ்சில் அவர்மேல் உள்ள அன்பு அறாது என்கிறார். கடையில் கேட்கும்போது சந்தி பிரித்து, உரையோடு உள்ள பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். திருப்பாப்புலியூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், முதல் பத்துப் பாட்டை நானே உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.